செலவை மறுத்து ஆணை வந்துவிட்டதா? கட்டுவதா, திருத்தம் கேட்பதா, சீராய்வா, அப்பீலா

தொழில் செலவை ஏற்க மறுத்து வருமான வரி அதிகாரியின் ஆணை வந்த அன்றைக்கே ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "அப்பீல் போட்டு வைப்போம், பார்த்துக்கொள்ளலாம்" என்பார் கூட்டாளி. "கட்டிவிட்டுத் தொழிலைப் பார்" என்பார் வீட்டுப் பெரியவர். "ஒரு ரெக்டிஃபிகேஷன் (திருத்த) மனு போட்டால் போதுமே" என்பார் கணக்குப்பிள்ளை. மூன்று யோசனையும் ஏதோ ஒரு கோப்புக்குச் சரிதான். உங்கள் கோப்புக்கு எது சரி என்பதைத் தொகையின் பெரிதை வைத்தோ, அதிகாரி மேல் உள்ள கோபத்தை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். தகராறு எந்த வகை, கையில் என்ன காகிதம் இருக்கிறது என்ற இரண்டும்தான் வழியைத் தீர்மானிக்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடப்புக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் வழக்குகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நடக்கும். இப்போது தகராறில் இருப்பவை அந்தப் பழைய ஆண்டுகள் என்பதால், கீழே வரும் பிரிவு எண்கள் எல்லாம் பழைய சட்டத்தின் எண்கள்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் தகராறின் வகை. செலவு மறுப்பு மூன்று விதமாக வரும். கூட்டல் பிழை, ஒரே தொகையை இரண்டு முறை சேர்த்தது, டிடிஎஸ்ஸை, அதாவது பணம் தரும்போதே பிடித்துக் கட்டிய வரியைக் கணக்கில் எடுக்காதது போன்றவை வெறும் கைப்பிழைகள். "இந்தக் கொள்முதல் உண்மையிலேயே நடந்ததா, இந்தக் கமிஷன் எந்த வேலைக்குக் கொடுத்தது?" என்று கேட்டு மறுத்தால் அது சான்றுத் தகராறு. செலவு நடந்தது உண்மை, ஆனால் அது மூலதனச் செலவா (சொத்து சேர்க்கும் செலவு), வருவாய்ச் செலவா (அன்றாடத் தொழில் செலவு), பிரிவு 37(1) சொல்வதுபோல் முழுக்க முழுக்கத் தொழிலுக்கானதா என்று வாதம் எழுந்தால் அது சட்டத் தகராறு. ஆணையை எடுத்து, மறுக்கப்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் இந்த மூன்றில் எது என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது நாள் கணக்கு. ஒவ்வொரு வழிக்கும் ஒரு கெடு இருக்கிறது. ஒன்றில் நாட்களைச் செலவழித்தால் இன்னொன்றின் கதவு சாத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, பணம். கையை விட்டுப் போகும் தொகை, ஓடும் வட்டி, தோற்றால் வரும் அபராதம், இதெல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான செலவு. ஆடிட்டர் ஃபீஸ் அதில் ஒரு சிறு பங்கு.

கடைசியாக, இந்த வழியில் போனால் நிலைமை இப்போது இருப்பதைவிட மோசமாகுமா என்ற கேள்வி. இதைப் பலரும் கேட்பதே இல்லை.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பேசுவோம். ஒரு கூட்டு வணிக நிறுவனத்துக்கு 24 லட்சம் ரூபாய் செலவு மறுக்கப்பட்டது என்று வையுங்கள். 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 7,48,800 ரூபாய் டிமாண்ட், அதாவது துறை கட்டச் சொல்லும் தொகை. அந்த ஆண்டுக்கான முந்தைய வட்டியை இதில் சேர்க்கவில்லை.

| | கட்டிவிடுவது | திருத்த மனு (154) | சீராய்வு (264) | மேல்முறையீடு |
|---|---|---|---|---|
| எந்தத் தகராறுக்கு | தோற்பது உறுதியான வழக்கு | கைப்பிழை | விட்டுப்போன கழிவு (வருமானத்தில் கழிக்கும் தொகை), நம் பக்கத் தவறு | சான்று, சட்டம் |
| கெடு | டிமாண்ட் நோட்டீஸில் உள்ள 30 நாள் | ஆணை வந்த நிதியாண்டு முடிந்து 4 ஆண்டு | 1 ஆண்டு | ஆணையரிடம் 30 நாள் |
| கட்டணம் | இல்லை | இல்லை | 500 ரூபாய் | ஆணையரிடம் அதிகபட்சம் 1,000. தீர்ப்பாயத்தில் அதிகபட்சம் 10,000 |
| நிலைமை மோசமாகுமா | ஆகாது | பொதுவாக ஆகாது | ஆகாது | ஆணையர் கட்டத்தில் ஆகலாம் |
| அதற்கு மேல் வழி | இல்லை | மனு நிராகரிப்பை மட்டும் எதிர்த்து அப்பீல் | உயர் நீதிமன்றத்தில் ரிட் | தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் |

கட்டிவிட்டு ஒதுங்குவது

இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். சில வழக்குகள் முடிந்துபோனவை. தொழிலாளர் பங்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையை அந்தந்தச் சட்டத்தின் கெடுவுக்குள் கட்டவில்லை என்றால் கழிவு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ரிட்டர்ன் போடுவதற்கு முன் கட்டிவிட்டோம் என்ற பழைய வாதம் இனி நிற்காது. மருந்து நிறுவனம் டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களும் அப்படித்தான். சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் 2022 பிப்ரவரியில் அந்தக் கதவு அடைபட்டது. இந்த வகைத் தொகைகளுக்கு அப்பீல் போடச் சொல்பவரிடம் "எந்தத் தீர்ப்பை நம்பி?" என்று கேளுங்கள்.

கட்டுவதில் பலருக்குத் தெரியாத ஒரு லாபம் இருக்கிறது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு 270ஏ பிரிவு வரியில் 50 சதவீதம் அபராதம் போடுகிறது. நம் கணக்கில் அது ஏறத்தாழ மூன்றே முக்கால் லட்சம். நோட்டீஸில் சொன்ன காலத்துக்குள் வரியையும் வட்டியையும் கட்டி, அப்பீல் போகாமல் இருந்து, ஆணை கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் 270ஏஏ பிரிவில் விண்ணப்பித்தால் அந்த அபராதத்திலிருந்தும், வரி ஏய்ப்புக் குற்ற வழக்கிலிருந்தும் விலக்கு கிடைக்கும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அதில் போன நாட்கள் அப்பீல் கெடுவில் கழிக்கப்படும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் ஆணையில் "தவறாகக் காட்டியது" என்ற குற்றச்சாட்டு, அதாவது போலி பில், பொய்க்கணக்கு வகை இருந்தால் இதே நிபந்தனையில் இந்த விலக்கு கிடைக்காது. அங்கே அபராதமும் 200 சதவீதம். ஆணையின் கடைசிப் பத்தியில் அதிகாரி இந்த இரண்டில் எதை எழுதியிருக்கிறார் என்பதை அவசியம் பாருங்கள்.

மறைந்திருக்கும் விலை ஒன்றும் உண்டு. அதே செலவு வருடா வருடம் வரும் என்றால், இந்த ஆண்டு பேசாமல் கட்டியது அடுத்த ஆண்டு உங்களுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும். ஒரே ஒரு முறை வந்த செலவுக்குத்தான் இந்த வழி முழுமையாகப் பொருந்தும். எல்லா உண்மைகளையும் சொல்லி, நியாயமான விளக்கமும் கொடுத்திருந்தால் 270ஏ அபராதமே வராது. அப்படிப்பட்டவர் அபராதத்துக்குப் பயந்து அப்பீலை விடவேண்டியதில்லை.

திருத்த மனு: பிரிவு 154

மலிவானது, எளிது, பல நேரம் ஆபத்தானது.

ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும் பிழைக்கு மட்டும்தான் இது. இரண்டு பக்கமும் வாதம் செய்யக்கூடிய விஷயம் "வெளிப்படையான பிழை" ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1971இல் வோல்கார்ட் பிரதர்ஸ் வழக்கில் சொன்னது. இன்றுவரை அதுதான் அளவுகோல். தணிக்கை அறிக்கையில் பி.எஃப். கட்டிய தேதியைத் தவறாகத் தட்டச்சு செய்ததால் செலவு மறுக்கப்பட்டதா? சலானை வைத்து 154 போடுங்கள். கமிஷன் செலவு நியாயமானதா என்பதற்கு 154 போட்டுப் பயனில்லை.

நான்கு ஆண்டு அவகாசம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் அடி விழுகிறது. 154 போட்டதால் அப்பீலின் 30 நாள் நின்றுவிடாது. மனு போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து, ஏழெட்டு மாதம் கழித்து "இது விவாதத்துக்குரியது" என்று ஒரு வரியில் நிராகரிப்பு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு, பிரமாணப் பத்திரம், அது ஏற்கப்படுமா என்ற கவலை. வெறும் கைப்பிழை என்று நூறு சதவீதம் உறுதியாக இல்லாவிட்டால் 154ஐயும் அப்பீலையும் சேர்த்தே போடுங்கள். 1,000 ரூபாய் கட்டணத்தை மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

சீராய்வு: பிரிவு 264

இந்த வழியைச் சொல்லுபவர்கள் குறைவு. முதன்மை ஆணையரிடம் 500 ரூபாய் கட்டி ஓர் ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். உங்களுக்குப் பாதகமாக அவர் ஆணையிட முடியாது என்பது இதன் பெரிய பலம். மனு வந்த நிதியாண்டு முடிந்து ஓர் ஆண்டுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்று கெடுவும் இருக்கிறது.

நாமே விட்ட தவறுகளுக்கு இது மிகப் பொருத்தம். ரிட்டர்னில் ஒரு கழிவைக் கோர மறந்துவிட்டோம், திருத்திய ரிட்டர்னுக்கும் நாள் போய்விட்டது என்று வையுங்கள். அதிகாரியிடம் கடிதம் கொடுத்தால் அவர் ஏற்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2006இல் கோயட்சே இந்தியா வழக்கில் அப்படித்தான் சொன்னது. சீராய்வு ஆணையருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று பல உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன.

ஆனால் விலை இருக்கிறது. அப்பீல் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது அப்பீல் கெடு முடிந்திருக்க வேண்டும். அதே ஆணையின் மேல் ஒரு முறை அப்பீல் போய்விட்டால் இந்தக் கதவு மூடிவிடும். சீராய்வில் தோற்றால் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் ஒன்றுதான் பாக்கி. துறையே எதிர்த்து வரும் ஒரு சட்டக் கருத்தை அதே துறையின் ஆணையர் ஏற்பார் என்று நம்பி 264 போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். சட்டத் தகராறுக்கு அப்பீல்தான் வழி.

மேல்முறையீடு: ஆணையர், அதன்பின் தீர்ப்பாயம்

முதல் படி, படிவம் 35, 30 நாள், ஆணையர் அப்பீல்ஸ். இப்போது பெரும்பாலும் முகம் பார்க்காத முறை. அதனால் வாய்ப்பேச்சைவிடத் தாளில் எழுதியதுதான் பேசும். அதிகாரியிடம் கொடுக்காத சான்றை இங்கே கொடுக்க விதி 46ஏ-இன்படி காரணம் காட்ட வேண்டும். இந்தக் கட்டத்தில் ஆணையருக்கு வருமானத்தைக் கூட்டும் அதிகாரமும் உண்டு. கணக்கில் வேறு பலவீனம் இருப்பது உங்களுக்கே தெரிந்தால், அப்பீல் போடுமுன் அதையும் எடைபோடுங்கள். தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. அதிகாரி கொடுத்ததைத் தீர்ப்பாயம் பறிக்க முடியாது என்று 2009இல் எம்கார்ப் குளோபல் வழக்கில் தீர்ந்துவிட்டது.

இரண்டாம் படி, வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் (ஐடிஏடி). 1941 ஜனவரி 25 அன்று தொடங்கியது. ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஒரு கணக்கியல் உறுப்பினரும் சேர்ந்து கேட்பார்கள். அதிகாரி கணித்த வருமானம் 50 லட்சத்துக்குள் என்றால் ஒருவரே கேட்கலாம். 2024 அக்டோபர் முதல் கெடு, ஆணை கிடைத்த மாதம் முடிந்து இரண்டு மாதம். உண்மை விவரங்களில் இதுதான் கடைசி வாசல். உயர் நீதிமன்றம் 260ஏ-இன் கீழ் முக்கியமான சட்டக் கேள்வியை மட்டும்தான் கேட்கும். ஆகவே சான்றுத் தகராறு என்றால் லாரி ரசீது, எடைச்சீட்டு, சரக்குப் பதிவேடு, வங்கிக் கணக்கு எல்லாம் இங்கே வருவதற்குள் கோப்பில் ஏறியிருக்க வேண்டும்.

எந்தச் செலவில் அப்பீல் பலன் தரும்? ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்ததாக 40ஏ(3)-இல் மறுத்திருந்தால், விதி 6டிடி-இன் விலக்குகளைப் பாருங்கள். விவசாயியிடம் நேரடியாக விளைபொருள் வாங்கியது அதில் வரும். டிடிஎஸ் பிடிக்காததற்கு 40(ஏ)(ஐஏ)-இல் 30 சதவீதம் மறுத்திருந்தால், பணம் வாங்கியவர் அதைத் தன் ரிட்டர்னில் காட்டி வரி கட்டியதற்கு ஆடிட்டர் சான்று வாங்க முடியுமா என்று பாருங்கள். கிடைத்தால் மறுப்பு நிற்காது. மூலதனமா வருவாயா என்ற சண்டையில், "நீண்ட காலப் பயன்" இருந்தாலே மூலதனம் ஆகிவிடாது என்று 1980இல் எம்பயர் ஜூட் வழக்கில் வந்த தீர்ப்பு இன்றும் கைகொடுக்கிறது.

இப்போது பணக் கணக்கு. அப்பீல் போட்டதாலேயே வசூல் நிற்காது. தனியாக ஸ்டே, அதாவது வசூலை நிறுத்திவைக்கும் ஆணை கேட்க வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2017 ஜூலை 31 குறிப்பு, ஆணையர் கட்டத்தில் 20 சதவீதம் கட்டினால் மீதியை நிறுத்திவைக்கச் சொன்னது. தீர்ப்பாயத்தின் ஸ்டேக்கும் 254(2ஏ) அதே 20 சதவீதத்தைக் கேட்கிறது. விகிதம் மாறக்கூடியது, உங்கள் தேதிக்கு எது நடப்பில் இருக்கிறது என்று ஒரு முறை சரிபாருங்கள். நம் கணக்கில் 1,49,760 ரூபாய் முதலில் போகும். மீதி 5,99,040-க்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஓடும், ஸ்டே இருந்தாலும் ஓடும். மூன்று வருடம் கழித்துத் தோற்றால் வட்டி மட்டும் 2,15,654. ஜெயித்தால் கட்டிய தொகைக்கு மாதம் அரை சதவீதம் வட்டி திரும்ப வரும். மூன்று வருடத்துக்கு 26,957. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிறு தொழிலுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. 2024 செப்டம்பர் 17 சுற்றறிக்கைப்படி, தகராறில் உள்ள வரி 60 லட்சத்தைத் தாண்டாவிட்டால் துறை பொதுவாகத் தீர்ப்பாயத்துக்குப் போகாது. சில விதிவிலக்குகள் உண்டு. அதாவது ஏழரை லட்ச ரூபாய் வழக்கில் ஆணையர் கட்டத்திலேயே ஜெயித்தால் வழக்கு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். தோற்றால் உங்களுக்குத் தீர்ப்பாயம் திறந்தே இருக்கிறது. ஆகவே முதல் அப்பீலை ஒப்புக்குப் போட்டுவிட்டு "எல்லாம் ஐடிஏடி-இல் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவது பெரிய தவறு. முழு உழைப்பையும் முதல் படியிலேயே கொட்டுங்கள்.

கலால் வரியில் தராசு வேறு

ஆலை நடத்துபவர்களிடம் கலால் வரி (பொருள் உற்பத்தி மீதான வரி) வழக்கும் பாக்கி இருக்கலாம். 2017 ஜூலை 1க்குப் பின் மத்திய கலால் வரி பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு, புகையிலை போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான். மற்ற ஆலைகளுக்கு மிச்சம் இருப்பவை பழைய காலத்து நோட்டீஸ்கள், நிலுவை அப்பீல்கள்.

இங்கே நோட்டீஸ் கட்டத்திலேயே கட்டிவிடுவதற்குச் சட்டம் நல்ல சலுகை கொடுக்கிறது. மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத நோட்டீஸில், 30 நாளுக்குள் வரியும் வட்டியும் கட்டினால் அபராதமே இல்லை. மோசடி, மறைப்பு என்று எழுதியிருந்தால் அபராதம் வரிக்குச் சமம். நோட்டீஸ் வந்த 30 நாளில் கட்டினால் அது வரியில் 15 சதவீதமாகும், ஆணை வந்தபின் 30 நாளில் கட்டினால் 25 சதவீதமாகும். வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்பதால் பழைய நோட்டீஸில் வட்டியே வரியைத் தாண்டி நிற்கும். அந்த நிலையில் கட்டுவதா என்பதை நன்றாக யோசிக்க வேண்டும். வரித் தகராறுகளைச் சமரசமாகத் தீர்த்துவந்த சமரச ஆணையம் 2025 ஏப்ரலோடு மூடப்பட்டதால் அந்த வழியும் புதிதாகக் கிடையாது.

அப்பீல் என்றால் முதலில் ஆணையரிடம் 60 நாள். அதற்கு மேல் 30 நாள் வரைதான் தாமதத்தை அவர் மன்னிக்க முடியும். 91ஆம் நாள் போனால் எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் பயனில்லை. 2007 டிசம்பரில் சிங் எண்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அதன்பின் செஸ்டாட், அதாவது கலால், சுங்க வழக்குகளுக்கான தீர்ப்பாயம், மூன்று மாதம். சென்னையில் ஹேடோஸ் சாலையில் இருக்கிறது அதன் அமர்வு. 2014 ஆகஸ்ட் முதல் முன்வைப்பு (அப்பீலுக்கு முன்பே கட்டும் பணம்) கட்டாயம்: முதல் அப்பீலுக்கு வரியில் 7.5 சதவீதம், ஆணையர் அப்பீல்ஸ் ஆணையை எதிர்த்து செஸ்டாட் போனால் 10 சதவீதம், உச்சவரம்பு 10 கோடி. 30 லட்சம் டிமாண்டுக்கு முதல் படியில் 2.25 லட்சம். இதைக் கட்டிவிட்டால் மீதியை வசூலிக்க மாட்டார்கள், ஸ்டே மனு என்று தனியாக அலைய வேண்டாம். வருமான வரியில் 20 சதவீதம் கட்டியும் ஸ்டே கேட்டு நிற்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

முன்வைப்பாகக் கட்டியது ஜெயித்தால் 6 சதவீத வட்டியோடு வரும். சாதாரண வரியாகக் கட்டிவிட்டுப் பிறகு ரீஃபண்ட் கேட்டால், அந்த வரியை வாங்கியவர் தலையில் ஏற்றவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். 1996 டிசம்பரில் மஃபத்லால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வகுத்த நிபந்தனை அது. வரியைத் தனியாகக் காட்டி பில் போட்ட ஆலைக்கு அதை நிரூபிப்பது மிகக் கடினம். ஆகவே கட்டும்போதே எந்தத் தலைப்பில், என்ன கடிதத்தோடு கட்டுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும்.

இரண்டு கோப்புகளும் சந்திக்கும் இடம்

கலால் வழக்கை ஒருவரும் வருமான வரியை இன்னொருவரும் பார்க்கும் நிறுவனங்களில் நஷ்டம் நடப்பது இங்கேதான்.

1971இல் கேதார்நாத் ஜூட் வழக்கில், விற்பனை வரியை எதிர்த்து வழக்கு நடந்தாலும் பொறுப்பு எழுந்த ஆண்டிலேயே கழிவு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். பின்னர் வந்த 43பி பிரிவு அதை மாற்றிவிட்டது. இப்போது உண்மையில் கட்டினால்தான் கழிவு. பயன்படுத்தாத மோட்வாட் கிரெடிட் (மூலப்பொருளில் கட்டிய கலாலுக்கான வரவு) "கட்டியது" ஆகாது என்று 2020 பிப்ரவரியில் மாருதி சுசுகி வழக்கில் தீர்ந்தது. அபராதத்துக்குக் கழிவு கிடையாது. ஆனால் தாமதத்துக்கு ஈடாகக் கட்டும் வட்டிக்கு உண்டு. பெயர் அபராதமாக இருந்தாலும் அதில் ஈட்டுத்தொகைப் பகுதி இருந்தால் அதைப் பிரித்துக் கழிவு கோரலாம் என்று 1993 பிரகாஷ் காட்டன் மில்ஸ் தீர்ப்பு சொல்கிறது.

இதனால் வட்டி விகிதத்தை மேலோட்டமாகப் பார்த்து ஒப்பிடக் கூடாது. கலால் நிலுவையின் 15 சதவீத வட்டிக்குக் கழிவு கிடைப்பதால், 31.2 சதவீத வரி கட்டும் நிறுவனத்துக்கு உண்மைச் சுமை சுமார் 10.3 சதவீதம். வருமான வரி நிலுவையின் 12 சதவீத வட்டிக்குக் கழிவே இல்லை, அது முழு 12. கையில் இருப்பது ஒரு தொகைதான், இரண்டு நிலுவை என்றால், பெரிய வட்டியாகத் தெரியும் கலாலை விட்டுவிட்டு வருமான வரியை முதலில் அடைப்பதே மேல், அபராதச் சலுகைக்கான 30 நாள் கெடு எதுவும் ஓடாத வரை.

ஜெயித்தாலும் ஒரு வேலை பாக்கி. 30 லட்சம் கலால் வரி கட்டி, கட்டிய ஆண்டில் கழிவு எடுத்து 9.36 லட்சம் வருமான வரி மிச்சப்படுத்தியிருந்தால், செஸ்டாட்டில் வென்று ரீஃபண்ட் வரும் ஆண்டில் அந்த 30 லட்சம் 41(1)-இன் கீழ் வருமானம். "துறை மேலே அப்பீல் போயிருக்கிறது, பணம் இன்னும் எங்களுடையதாகவில்லை" என்ற வாதத்தை 2002இல் பாலிஃப்ளெக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ரீஃபண்ட் ஆணை வந்த காலாண்டிலேயே முன்வரியில் (அட்வான்ஸ் டாக்ஸ்) அதைச் சேருங்கள். சேர்க்காமல் விட்டால், ஜெயித்த வழக்கின் பணத்துக்கே அடுத்த டிமாண்ட் வரும்.